அப்பு, கோமு, கனி

செவலூருணியில் மார்கழி வந்தும் குளிர் வராமல் போன வருடத்தில், தை வெயில் சித்திரை வெயிலின் வேலையைச் செய்த வருடத்தில், ஐப்பசியில் பெய்திருக்க வேண்டிய மழை நான்கு மாதம் பிந்தி மாசியில் வந்து மூன்று நாள் விடாமல் கொட்டிவிட்டுப் போன வருடத்தில், அந்த ஊர்க் கொசுக்கள் பெயர் சொல்லத் தொடங்கின. வேறெதுவும் சொல்லவில்லை. எந்தக் கொசு யார் யாருடைய ரத்தத்தைக் குடித்ததோ அவர்கள் பெயரை, குடித்த வரிசையிலேயே, காதோரம் வந்து மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, கேட்டவர் கணுக்காலிலோ முழங்கையிலோ உட்கார்ந்து, அவரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டு போயிற்று.

முதலில் கேட்டது மேலத்தெரு கோமதியம்மாள். பேரூராட்சியின் பழைய தலைவர் நல்லபெருமாளின் மனைவி. காலை பத்து மணிக்கு முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது வலது காதில் “கருப்பி” என்று ஒரு குரல் கேட்டது. தெருக்கூட்டும் கருப்பாயியைத் தெற்குக் காலனிச் சனங்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டு வாசலை அந்தப் பெயர் ஒருநாளும் தாண்டியதில்லை. கோமதியம்மாள் எழுந்து அறை அறையாகப் பார்த்தாள். யாருமில்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்து மிச்சக் கீரையை உருவினாள்.

மறுநாள் கடைவீதியில் டீ மாஸ்டர் ஒருவர், தன் மைத்துனன் பெயரைச் சொல்லிக்கொண்டு மூக்கின் முன்னால் பறந்த ஒன்றை இரண்டு கையாலும் அடித்தார். உள்ளங்கையில் ரத்தம் இருந்தது. மைத்துனனை வரவழைத்துக் கேட்டபோது, ஆமாம், காலையில் இதே பெஞ்சில்தான் கடி வாங்கினேன் என்றான். ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பதினோரு நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருவதை எப்படி ஏற்றுக்கொண்டிருந்தார்களோ, மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்டு போவதை எப்படி ஏற்றுக்கொண்டிருந்தார்களோ, அப்படியே இதையும் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகு, அதனோடு எப்படிக் குடித்தனம் செய்வது என்று பழகினார்கள். கொசுக்கள் பட்டாவில் இருக்கும் பெயரையோ ரேஷன் கார்டில் இருக்கும் பெயரையோ சொல்வதில்லை, வீட்டில் பெற்றவர்கள் வாய்க்கு வந்தபடி கூப்பிட்ட பெயரையே சொல்கின்றன என்று முதலில் தெரிந்துகொண்டார்கள். தலைமையாசிரியர் ‘புஜ்ஜி’ என்று தெரிந்ததும், பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பாடம் நடக்கவில்லை. திருப்பூரில் வேலை பார்ப்பதாகச் சொல்லப்பட்ட ஒருவன் பெயரைக் கீழத்தெருவில் கொசுக்கள் தினமும் சொன்னதால், அவன் வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு மாதமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று தெரிந்தது. சுவர் வைத்துப் பிரிந்து ஒன்பது வருடமாகப் பேசாத இரண்டு அண்ணன் தம்பிகள் ஒருவர் பெயரை ஒருவர் நாளுக்கு இருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் பேசிக்கொண்டார்கள் என்று இல்லை, ஆனால் ஒருவன் பெயர் இரண்டு நாள் கேட்காவிட்டால் மற்றவன் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இருமினான். பெயர் வைக்காத பிள்ளையைக் கடித்த கொசு அந்த இடம் வரும்போது ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனது. அந்த இடைவெளி கேட்கச் சகிக்காமல் தாய்மார்கள் அவசரமாகப் பெயர் வைத்தார்கள்.

கொசுக்கள் யாருக்கும் மரியாதை போடவில்லை. தெற்குக் காலனியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களின் காதில் மேலத்தெருப் பெரியவர்களின் பெயர்கள் ஐயா இல்லாமல், அவர் இல்லாமல் வந்து விழுந்தன. மேலத்தெருப் படுக்கையறைகளிலும் பூசையறைகளிலும் காலனிப் பெயர்கள் தங்கள் வீட்டைப் போல உலாவின. இது மேலத்தெருவில் சிலருக்குச் சாப்பாடு இறங்காத விஷயமாக இருந்தது. ஜன்னல்களுக்கு வலை அடித்தார்கள். வலைக்கு உள்ளேயே வளரும் கொசுவை வலை என்ன செய்யும்?

வலைக்கு உள்ளே கொசு எங்கே வளர்கிறது என்று அந்த ஊரில் ஒருத்திக்குத்தான் முழுதாகத் தெரியும். அவள் சீனித்தாய். தெற்குக் காலனிக்காரி, முப்பத்தாறு வயது, பேரூராட்சியின் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர். நீலக் கோட்டு மாட்டி, ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் வலை கட்டிய கரண்டியுமாக நாளுக்கு ஐம்பது வீடு ஏறி இறங்குவாள். பதினோரு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், ஒவ்வொரு வீடும் பதினோரு நாள் தண்ணீரை ட்ரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் அண்டாவிலும் பிடித்து வைத்திருக்கும். பழைய டயர், உடைந்த உரல், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தட்டு, ஒன்றையும் விடமாட்டாள். டார்ச் வெளிச்சத்தில் புழுக்கள் தலைகீழாகத் துள்ளி அடிக்கு ஓடும். அபேட் மருந்தை ஊற்றிவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். ஊரில் அவள் பார்க்காத வீடு ஒன்றே ஒன்று. நல்லபெருமாள் வீட்டில் அட்டையை வாசல் கேட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் வெளியே நின்றபடி தேதி போட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஏழு வருடமாக அப்படித்தான் நடந்தது.

கொசுக்கள் பேசத் தொடங்கியதும் சீனித்தாய் ஒரு நோட்டுப் போட்டாள். எந்த வீட்டில் என்ன பெயர் கேட்டது, எத்தனை மணிக்கு, எந்த வரிசையில் என்று எழுதினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. பங்குனி பிறந்து ஏழாம் நாள் கடைவீதியில் ஒரு தையல்காரர் காய்ச்சலில் படுத்தபோதுதான் அந்த நோட்டுக்கு வேலை வந்தது. அடுத்த நான்கு நாளில் அவரோடு சேர்த்துப் பதினேழு பேர் படுத்தார்கள். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறித்துப்போட்ட மாதிரி உடம்பு, வாயில் வைத்ததெல்லாம் கசப்பு. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள்.

சீனித்தாய் நோட்டைத் தூக்கிக்கொண்டு சுகாதார ஆய்வாளர் தேவசகாயத்திடம் போனாள்.

“சார், படுத்திருக்கிற பதினேழு பேர்ல பதினாலு பேர் வீட்ல ஒரே பேரு கேட்டிருக்கு. வரிசையில முதப் பேரு அதான். அப்பு.”

“யாரு அப்பு?”

“தெரியல சார். நம்ம ஊர்ல அப்பு யாருமில்ல.”

தேவசகாயம் நல்ல மனிதர், ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தவர். மேசையிலிருந்த கையேட்டைப் புரட்டினார். “காய்ச்சக்காரனைக் கடிச்ச கொசு உடனே காய்ச்சலைக் கொடுக்காது. அது உடம்புக்குள்ள கிருமி முத்தணும். பத்து பன்னெண்டு நாள்னு போட்டிருக்கு.”

“அது குளிர் இருந்த காலத்துக் கணக்கு சார். நோட்டைப் பாருங்க, ஏழு நாள்லயே முத்திருது. வெயில் ஏற ஏற அதுவும் அவசரப்படுது. முன்னெல்லாம் மார்கழிக் குளிர்ல பாதி செத்துப்போகும். இந்த வருசம் ஒண்ணுகூடச் சாகல.”

தேவசகாயம் நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். மேலே எழுதி அனுப்புகிறேன் என்றார். எழுதியும் அனுப்பினார்.

அப்பு என்ற பெயர் ஊருக்குள் பரவியது. முகம் தெரியாத பெயருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அப்பு என்பது காலனிக்காரன் எவனாவதாகத்தான் இருக்கும், கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிய எவனோ கொண்டுவந்திருக்கிறான் என்று மேலத்தெருவில் பேச்சு வந்தது. கேரளாவிலிருந்து வந்த நான்கு பேரும் வந்து நின்று தங்கள் வீட்டுப் பெயர்களைச் சொன்னார்கள். ஒருவன்கூட அப்பு இல்லை. அது யாருக்கும் திருப்தி தரவில்லை. நல்லபெருமாள் சொல்லி, காலனியிலிருந்து கடைவீதிக்கு வரும் பாதையை முள்ளடித்து மூடினார்கள். காலனிக்குப் போகும் தண்ணீர் லாரி ஊருக்கு வெளியிலேயே நின்றது. இரண்டு மைல் நடந்து குடத்தில் எடுத்து வந்தார்கள். குடத்தில் எடுத்த தண்ணீரை முன்பைவிடக் கவனமாக, முன்பைவிட அதிக நாள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அதில் என்ன வளரும் என்று சீனித்தாய் சொல்லிப் பார்த்தாள். “சரி ஆத்தா, கொட்டிட்டு எதைக் குடிக்க?” என்று அவர்கள் கேட்டார்கள்.

பங்குனி பன்னிரண்டாம் நாள் சீனித்தாயின் தங்கை மாரிக்கனி படுத்தாள்.

தாயும் தகப்பனும் இல்லாமல் போனபோது மாரிக்கனிக்கு ஐந்து வயது. சீனித்தாய்தான் தூக்கி வளர்த்தாள், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள், பிறகு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். இப்போது மாரிக்கனிக்கு இருபத்திரண்டு. தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிற வேலை. முள் போடும்வரை, காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன் மேலத்தெருவின் பின்னால், நல்லபெருமாள் வீட்டு மதிலை ஒட்டிய வாகை மரத்தடியில்தான் வந்து நிற்கும். காலனிப் பெண்கள் அரைமணி நேரம் முன்னாலேயே போய் அங்கே நிற்பார்கள். பகலில் கடிக்கும் கொசுவுக்கு அது தோதான நேரம்.

ஐந்து நாள் காய்ச்சல் அடித்தது. சீனித்தாய் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் ஈரத்துணி போட்டாள், கஞ்சி கொடுத்தாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையைக் கொடுத்தாள். ஆறாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லென்று இருந்தது.

“விட்டுருச்சுக்கா,” என்றாள் மாரிக்கனி. “வயிறுதான் கொஞ்சம் வலிக்குது. கம்பெனிக்குப் போகட்டா?”

“இன்னிக்கு ஒருநாள் படு.”

“ஆறு நாள் போயிருச்சு. முள்ளைச் சுத்திப் போகணும், இப்பவே கிளம்புனாத்தான் சரியா இருக்கும்.”

சீனித்தாய்க்கும் அன்று ஐம்பது வீடு இருந்தது. காய்ச்சல் விட்டதில் நெஞ்சு லேசாகி, நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு அவளும் கிளம்பினாள். பதினொரு மணிக்கு மாரிக்கனி பெட்டி அடுக்கிய இடத்திலேயே வாந்தி எடுத்துச் சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டரம்மா, காய்ச்சல் விடுகிற நாள்தான் இதில் மோசமான நாள், ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்துவிட்டது, காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சீனித்தாயிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்று மட்டும் அவள் அதை நாலாவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாரிக்கனி மறுநாள் மத்தியானம் இறந்தாள்.

இறந்தவர்களின் பெயரைக் கொசுக்கள் விடவில்லை. அதுவரை யாரும் அதை யோசித்திருக்கவில்லை. ரத்தம் குடித்த கொசு உயிரோடு இருக்கும்வரை பெயரும் இருந்தது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் சீனித்தாய் வேலைக்கு வந்தாள். வீடு வீடாகப் போனாள். முன்பு நோட்டுக்காகக் கேட்டவள் இப்போது ஒரு பெயருக்காகக் கேட்டாள். கடைவீதியில் ஒரு மளிகைக்கடைக்காரர் அவளைக் கண்டதும் ரேடியோவை நிறுத்தினார். “நேத்து ஒண்ணு ‘கனி’ன்னுச்சு,” என்றார். “உக்காரு. வந்தாலும் வரும்.” அவள் கால்மணி நேரம் உட்கார்ந்தாள், வரவில்லை. எழுந்து கடையின் பின்னாலிருந்த ட்ரம்மில் மருந்து ஊற்றிவிட்டுப் போனாள். அவள் வேலையைச் சரியாகச் செய்யச் செய்ய அந்தப் பெயர் ஊரில் குறைந்துகொண்டு வந்தது. அவளுக்கு அது தெரியும். ஒரு ட்ரம்மையும் அவள் விட்டுவைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, நல்லபெருமாள் வீட்டுக் கேட்டில் நின்று அட்டையைக் கேட்டபோது, அட்டைக்குப் பதில் கோமதியம்மாளே வந்தாள்.

“உன் தங்கச்சி பேரு கனிதானே? பின்னால வேனுக்கு நிக்கிற பிள்ளைக கூப்பிடும், எனக்குக் கேக்கும்.”

“ஆமாம்மா.”

“மாடியில அந்தப் பேரு கேட்டுக்கிட்டே இருக்கு. பத்து நாளா. வர்றியா?”

சீனித்தாய் செருப்பைக் கழற்றினாள். “போட்டுக்கோ, மாடி சுடும்,” என்றாள் கோமதியம்மாள். இருவரும் கூடத்தின் வழியாக, பூசையறையைத் தாண்டி, மாடிப்படி ஏறினார்கள். மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. அதன் பக்கத்தில் பழைய சிமெண்ட் தொட்டி, மேலே மூடி உடைந்து பாதி உள்ளே விழுந்திருந்தது. மாசி மழைத் தண்ணீர் டீ நிறத்தில் முக்கால் தொட்டி நின்றது. சீனித்தாய் டார்ச் அடித்தாள். ஏழு வருடத்தில் எந்தத் தொட்டியிலும் அவ்வளவு புழுவை அவள் பார்த்ததில்லை. தண்ணீர் கொதிப்பதைப் போல இருந்தது. விளிம்பில் அன்று பிறந்த கொசுக்கள் இறகு காய உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு இன்னும் சொல்வதற்குப் பெயரில்லை.

அவற்றுக்கு நடுவிலிருந்து, கிழடு தட்டி ஒரு கால் குறைந்த கொசு ஒன்று எழும்பி இரண்டு பெண்களுக்கும் நடுவில் வந்தது.

“அப்பு,” என்றது. “கோமு. கனி.”

சீனித்தாய் அசையவில்லை. கொசு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி சொன்னது. “அப்பு, கோமு, கனி.” பிறகு அவள் முழங்கையை நோக்கி இறங்கியது. அவள் கோட்டுப் பையிலிருந்து புழு பிடிக்கும் கண்ணாடிக் குப்பியை எடுத்து, ஏழு வருடப் பழக்கத்தில் ஒரே வீச்சில் அதைக் கவிழ்த்துப் பிடித்து, வாயில் வலைத்துணியைக் கட்டினாள். உள்ளிருந்தும் அது சொல்லிக்கொண்டிருந்தது.

“கோமு யாரும்மா?”

“நான்தான். எங்கம்மா கூப்பிடுற பேரு.” கோமதியம்மாள் பூட்டிய அறையின் கதவைப் பார்த்தாள். “அப்பு எங்க மூத்தவன்,” என்றாள்.

நல்லபெருமாளின் மகன் தினகரன் வெளியூரில் பெரிய வேலையில் இருப்பவன், மாசிக் கடைசியில் காய்ச்சலோடு காரில் வந்து அந்த அறையில் பத்து நாள் கிடந்தான். டாக்டரை வீட்டுக்கே வரவழைத்து ஊசி போட்டார்கள். பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அதனால் வெளியே சொல்லவில்லை. அறை புழுக்கமாக இருக்கிறது என்று ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தான். ஜன்னலுக்கு நேரே தொட்டி. குணமாகித் திரும்பிப் போய்விட்டான். இவ்வளவையும் கோமதியம்மாள் தொட்டிப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

சீனித்தாய் கேட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து தொட்டிக்கு மருந்து ஊற்றினாள். ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டு அட்டையில் உள்ளே நின்று தேதி போட்டாள்.

“நாளைக்கு மன்றத்துல பாதையை நிரந்தரமா மூடுறதுக்குத் தீர்மானம் வருதும்மா,” என்றாள். “நான் இதைக் கொண்டுபோவேன்.”

கோமதியம்மாள் அட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் படி இறங்கினாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கப்பட்டது. நல்லபெருமாள் உறுப்பினர் இல்லை என்றாலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்காராமல் அந்த ஊரில் கூட்டம் நடந்ததில்லை. தேவசகாயம் எழுந்து, களப்பணியாளர் ஒரு மாதிரி கொண்டுவந்திருக்கிறார், மன்றம் கேட்க வேண்டும் என்றார். ஓய்வு பெற எட்டு மாதமே இருந்ததால் அவருக்கு அந்தத் துணிவு வந்தது என்று பின்னால் சொன்னார்கள். சீனித்தாய் குப்பியை மைக்கின் அருகில் வைத்தாள். ஒலிபெருக்கியிலிருந்து, ஒரு ஊரே கேட்கிற அளவுக்குப் பெரிதாகி, “அப்பு, கோமு, கனி” என்று வந்தது. மறுபடியும் வந்தது.

“கனி காலனிப் பிள்ளை. மத்த ரெண்டு பேரும் யாரு?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். “எந்த வீட்ல பிடிச்சே?”

சீனித்தாய் பதில் சொல்ல வாய் எடுக்குமுன், வாசலில் நிழல் தட்டியது. ஊர்க் கூட்டத்துக்கு ஒருநாளும் வராத கோமதியம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் நடந்து வந்திருந்ததால் முகம் சிவந்திருந்தது.

“எங்க வீட்ல பிடிச்சது,” என்றாள். “கோமு நான். அப்பு எம் மகன் தினகரன். காய்ச்சலோட வந்து எங்க மாடியில பத்து நாள் கிடந்தான். நாங்க சொல்லலை.”

நல்லபெருமாள் தலையை உயர்த்தி மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடுகிறதா என்று சரிபார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டதாக எழுத்தர் எழுதினார். அன்று சாயங்காலத்துக்குள் பாதையில் கிடந்த முள்ளைக் காணவில்லை. யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் தண்ணீர் லாரி காலனிக்குள் வந்தது. தவறு என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மாடித் தொட்டியை மட்டும் கூலியாட்கள் கடப்பாரையால் இடித்தார்கள், அந்தச் சத்தம் இரண்டு நாள் கேட்டது.

கூட்டத்துக்கு வந்த அன்று கோமதியம்மாளின் முகத்தில் இருந்தது வெயிலின் சிவப்பு மட்டுமில்லை. அன்று மாலையே அவள் படுத்தாள். அந்தத் தொட்டியில் பிறந்த எத்தனையோ கொசுக்களில் ஏதோ ஒன்று, உடம்புக்குள் கிருமி முற்றிய பிறகு அவளிடம் வந்திருந்தது. பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அந்தச் செய்தி மேலத்தெருவிலிருந்து கடைவீதிக்கும், கடைவீதியில் ட்ரம் பார்த்துக்கொண்டிருந்த சீனித்தாய்க்கும் வந்தது: அம்மாவுக்குச் சரியாகிவிட்டது, ஐயா கூட்டிவரப் போயிருக்கிறார்.

சீனித்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுத்த வீட்டுக்குப் போகவும் இல்லை, உடனே கிளம்பவும் இல்லை. கடைக்காரர் பிறகு சொன்னார், அவள் அந்த ட்ரம்மின் விளிம்பைப் பிடித்தபடி ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றாள் என்று. பிறகு நீலக் கோட்டோடு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நல்லபெருமாள் பையோடு நின்றிருந்தார். காரோட்டி காத்திருந்தான்.

“கூட்டிட்டுப் போகாதீங்கய்யா,” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். முதல்முறையாக முகத்தைப் பார்த்தார். “காய்ச்சல் விட்டுருச்சே.”

“எந் தங்கச்சிக்கும் விட்டுச்சு. அம்மாவுக்கு வயிறு வலிக்குதான்னு கேளுங்க.”

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது பை கையில் இல்லை. “வலிக்குதாம். காலையில இருந்து,” என்றார். பிறகு, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத குரலில், “இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

சீனித்தாய் டாக்டரைக் கூப்பிடப் போனாள். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது, மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள், ஒரு மத்தியானம் முழுவதும் நாடி கிடைப்பதும் தவறுவதுமாக இருந்தது. நல்லபெருமாள் வராந்தாவில் பெஞ்சின் ஒரு முனையிலும், சீனித்தாய் மறு முனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் கோமதியம்மாள் இட்லி கேட்டாள்.

குப்பிக் கொசுவை சீனித்தாய் வீட்டில் வைத்திருந்தாள். கொல்வது அவள் வேலை. அதைச் செய்யாமல் வைத்திருந்தது அது ஒன்றைத்தான். வலைத்துணியின் மேல் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைப்பாள், அது கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். காலனிப் பெண்கள் வேலைக்குப் போகும் வழியில் வந்து ஒருமுறை கேட்டுவிட்டுப் போவார்கள். நாளாக ஆக அதற்கு மறதி வந்தது. முதலில் அப்பு போயிற்று. நான்கைந்து நாள் “கோமு, கனி” என்று மட்டும் சொன்னது. பிறகு கோமுவும் போய், ஒரு பெயர் மட்டும், நூல் அறுவதைப் போன்ற குரலில், நெடிய இடைவெளி விட்டு விட்டு வந்தது.

சித்திரை பிறந்த முதல் வாரத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு, கோமதியம்மாள் திறந்த பாதை வழியாக நடந்து தெற்குக் காலனிக்கு வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. இரண்டு இடத்தில் வழி கேட்டு, சீனித்தாயின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அது இருக்கா?”

“இருக்கும்மா. உள்ள வாங்க.”

குனிந்து உள்ளே வந்து, போட்ட பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். சீனித்தாய் குப்பியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு “கனி” என்றது.

கோமதியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவையும் கேட்டாள்.

“ஒரு மாசமா இந்தப் பேரைக் கேக்குறேன்,” என்றாள். “மதிலுக்கு அந்தப் பக்கம் தினமும் நின்னிருக்கா. ஒருநாள்கூட எட்டிப் பாத்ததில்ல. எப்படி இருப்பா?”

மாரிக்கனி இறந்ததிலிருந்து ஊரில் எத்தனையோ பேர் சீனித்தாயிடம் பேசியிருந்தார்கள். எந்தத் தேதியில் படுத்தாள், எத்தனை நாள் காய்ச்சல், ரத்தத்தில் தட்டணு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். இதை யாரும் கேட்டதில்லை. சீனித்தாய்க்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

“கறுப்பா இருப்பா,” என்றாள். “என்னைவிட ஒரு சாண் உசரம். முன்பல்லு ஒண்ணு ஏறியிருக்கும். அதனால சிரிக்கும்போது கையை வச்சு வாயை மூடிக்கிடுவா. மூடுனாலும் சத்தம் கேக்கும்.”

“அந்தச் சத்தம் நான் கேட்டிருக்கேன்,” என்றாள் கோமதியம்மாள். “எல்லாப் பிள்ளைகளும் சிரிச்சு முடிச்ச பிறகு ஒண்ணு மட்டும் தனியாச் சிரிக்கும்.”

“அதான். அவளுக்கு எதுவும் லேட்டாத்தான் புரியும்.”

சீனித்தாய் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள், அழுதபடியே இன்னொன்றைச் சொன்னாள். ஐந்து வயதில் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனதை, தீப்பெட்டிக் கம்பெனியில் முதல்நாள் விரலில் பசையோடு வந்து சோற்றைப் பிசைய முடியாமல் ஊட்டச் சொன்னதை, மஞ்சள் சேலை பிடிக்காததை, மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று மாவுமில்லுக்குப் போய் ஒளிந்துகொண்டதை. கோமதியம்மாள் நடுநடுவே ஏதாவது கேட்டாள். வெயில் ஏறி, வாசலில் விழுந்திருந்த வெளிச்சம் பாயின் ஓரம் வரை வந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எப்போதோ குப்பிக்குள் சத்தம் நின்றுபோயிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.